சூரியனுக்கு ஷிப்ட் போட்டவர்

சூரியனுக்கே ஷிப்ட் போட்டு வேலை வாங்கிய ஒரே மனிதர் இந்தப் பூமியில் எங்கள் ஷிப்ட் நைனாதான். வேறு யாரோ இருக்கிறார்கள் என்று நீங்கள் கடிதம் போட்டாலும் நான் நம்பப்போவதில்லை. வீணாகத் தபால் செலவு செய்யாதீர்கள்.

ஒரகடம் பக்கம் சேரப்பணஞ்சேரியில் இருந்தது அவருடைய காம்பவுண்டு. நடுவில் திறந்த முற்றம், ஒரு பக்கம் அவர் வீடு, எதிர்ப்பக்கம் குடும்பங்களுக்கு வரிசையாக அறைகள், மாடியில் தகரக் கூரை போட்டு பேச்சிலர் பையன்கள். எல்லோரும் மதுரை, தேனி, திருநெல்வேலி என்று தெற்கிலிருந்து வந்து கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள். அவர் மட்டும் அந்த ஊர் மண்ணிலேயே முளைத்தவர். நெல் போட்ட நிலமெல்லாம் கம்பெனிக்குப் போன பிறகு மிஞ்சிய மனையில் இந்த அறைகளைக் கட்டியிருந்தார். "உன் கம்பெனி பெயிண்ட் ஷாப் நிக்குதே, அது எங்க கயினி. அங்க நாத்து நட்டுக்கினு இருந்தவன் நானு" என்று அறைக்கு வந்த முதல் நாளே பையன்களிடம் சொல்லிவிடுவார். ஏதோ பெயிண்ட் ஷாப்பே அவர் நட்டு வளர்ந்த மாதிரி ஒரு பெருமை.

அவருக்கு ஒரே ஒரு பைத்தியம், பண்டிகை. காம்பவுண்டில் இருக்கிற ஒருத்தர்கூட ஒரு பண்டிகையையும் தவறவிடக் கூடாது. கம்பெனியோ மூன்று ஷிப்ட் ஓடுகிறது. ஒருத்தன் தூங்கும்போது ஒருத்தன் கிளம்புகிறான், ஒருத்தன் திரும்பி வருகிறான். யோசித்துப் பார்த்தவர் பண்டிகையையும் மூன்று ஷிப்டாகப் பிரித்துவிட்டார்.

பொங்கலன்று காலையில் ஒரு பானை, மத்தியானம் ஒரு பானை, சாயங்காலம் ஒரு பானை. நான் கல்யாணத்துக்கு முன்னால் பக்கத்து லேடீஸ் ஹாஸ்டலில் இருந்தபோதே இதை வேடிக்கை பார்க்க வந்திருக்கிறேன். சாயங்காலப் பானை பொங்கும் நேரம் பார்த்து மாடிப் பையன் ஒருத்தன் கேட்டான்.

"நைனா, சூரியன் அடையப் போகுது. இப்பப் போயி சூரியனுக்குப் பொங்கல் வச்சா எப்பிடி?"

"நமக்குத் தாம்ப்பா அடையுது. அமெரிக்காவுல இப்பத்தான் உதிச்சிக்கினு கீது. அதே சூரியன் தானே? அவன் இன்னா, வேற ஒண்ணு வாங்கி மாட்டிக்கீறானா?"

அவன் தட்டு எடுக்கப் போய்விட்டான். ஆனால் இதைவிடப் பெரிய சிக்கல் காலைப் பானைக்கு. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பார்கள். அவர்கள் தூக்கம் கெடக் கூடாது, பொங்கலும் நிற்கக் கூடாது. அதனால் பால் பொங்கியதும் மீசை வைத்த தடித்தடி ஆண்பிள்ளைகள் பானையைச் சுற்றி நின்று, "பொங்கலோ பொங்கல்... பொங்கலோ பொங்கல்..." என்று ரகசியம் பேசினார்கள். நைனா உதட்டில் விரலை வைத்துக்கொண்டு மேற்பார்வை செய்தார். சிரிப்பை அடக்க முடியாமல் நான் தெருவுக்கே ஓடிவிட்டேன்.

ஆயுத பூஜை சமாச்சாரம் இன்னும் மோசம். யார் எதை வைத்துப் பிழைக்கிறார்களோ அதற்குப் பொட்டு வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. பையன்கள் அசந்து தூங்கும்போது அவர்களுடைய சேஃப்டி ஷூ, ஹெல்மெட், ஐடி கார்டு எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக அடுக்கி, விபூதி பட்டை அடித்து, சந்தனம் குழைத்துத் தடவி, குங்குமமும் வைத்துவிட்டார். "ஷூவுக்குப் போயி பொட்டா நைனா?" என்று கேட்டவனுக்கு, "ஏன், அது சோறு போடலியா உனுக்கு?" என்று பதில் வந்தது. அது சரிதான். ஆனால் மறுநாள் கம்பெனி கேட்டில் கார்டைக் காட்டினால் மெஷினுக்கு ஒன்றும் புரியவில்லை. காய்ந்த சந்தனத்துக்கு அடியில் பார்கோடு தெரியாமல் அது கத்து கத்தென்று கத்தியது. செக்யூரிட்டி கார்டை வாங்கிப் பார்த்தால் போட்டோவில் ஒருத்தனுக்கும் முகம் இல்லை, பட்டையும் குங்குமமும்தான் இருந்தன. சேரப்பணஞ்சேரிப் பையன்கள் அத்தனை பேரும் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து எச்சில் தொட்டுக் கார்டு துடைத்தார்கள்.

இப்படிப்பட்டவரிடம்தான் நானும் என் வீட்டுக்காரர் பாண்டியும் கல்யாணமான கையோடு அறை கேட்டுப் போனோம். நான் சாத்தூர்ப் பக்கம், அவர் மானாமதுரைப் பக்கம். அப்போது நான் ஒரு கம்பெனியில் லைனில் நின்று ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்தேன், பாண்டி இன்னொரு கம்பெனியில் மெயின்டனன்ஸ். பஸ் ஸ்டாப்பில் பழக்கமாகி, நாங்களே முடிவு செய்து, நாங்களே கட்டிக்கொண்ட கல்யாணம். என் அப்பா "எனக்கு மகளே இல்லை" என்று சொல்லிவிட்டார். அறை கேட்ட இடத்திலெல்லாம் என்ன ஆளுங்க, பெரியவங்க யாரு, சர்டிபிகேட் இருக்கா என்று குடைந்தார்கள். நைனா எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்க ஊர்ல தீபாளிக்கு இன்னா பண்ணுவீங்க?"

பாண்டி, "காலைல எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு, இட்லியும் கறிக்கொழம்பும் சாப்பிடுவோம்யா" என்றார்.

"தீபாளி அன்னிக்குக் கறியா!" நைனா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். இந்தப் பக்கம் பல வீடுகளில் தீபாவளியன்று நோன்பு. அதிரசம் சுட்டு, நோன்புக் கயிறு வைத்துக் கும்பிடுவார்கள். கறியின் வாடைகூட வீட்டில் ஆகாது. அப்புறம், "சரி வுடு, வேற ஷிப்ட்ல வச்சிக்கலாம்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்.

தீபாவளி நெருங்க நெருங்க நான் காலண்டரைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். கல்யாணமான முதல் தீபாவளி பெண்ணைப் பெற்றவர்கள் வீட்டில்தான். அம்மா அப்பா நேரில் வந்து தாம்பூலம் வைத்து மாப்பிள்ளையை அழைக்க வேண்டும். பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு தலை தீபாவளிதான். அது போனால் போனதுதான், அடுத்த வருஷம் அரியர் எழுதிப் பாஸ் செய்ய முடியாது. அம்மாவுக்கு ஒளித்து ஒளித்துப் போன் செய்தேன். "வேணாம் தாயி. இந்த வருசம் வேணாம். உங்கப்பா ஒரு மாதிரியாவே இருக்காரு" என்று அழுதுவிட்டு வைத்துவிட்டாள். கேட்டவர்களிடம் எல்லாம் பாண்டிக்கு லீவு இல்லை என்று சொல்லி வைத்தேன். அது உண்மையும்தான். தீபாவளிக்கு லைன் நிற்கும், லைன் நின்றால்தான் மெயின்டனன்ஸ்காரனுக்கு வேலை. தீபாவளிக்கு முந்தின ராத்திரி அவருக்கு நைட் ஷிப்ட் போட்டிருந்தார்கள்.

ஆனால் நான் லீவு லீவு என்று சிரித்துச் சொல்லும்போது நைனாவின் மனைவி ஓனரம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். போய் நைனாவிடம் சொல்லியிருக்கிறார் போல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாண்டி பனியனோடு வாசலில் உட்கார்ந்து துணி துவைத்துக்கொண்டிருந்தார். எதிர் வீட்டுக் கதவு திறந்தது. நைனா வெள்ளை வேட்டி சட்டையில், ஓனரம்மா பட்டுப்புடவையில். கையில் தாம்பாளம், அதில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. இருவரும் முற்றத்தைக் கடந்து நேராக எங்கள் அறைக்கு வந்து நின்றார்கள். கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் நைனா மரியாதையாகத் தட்டினார்.

"மாப்ள, தலை தீபாளிக்கு நம்ம வூட்டுக்கு வரணும். பொண்ண இட்டுக்கினு வாங்க" என்று தாம்பாளத்தை நீட்டினார்.

பாண்டிக்குக் கையெல்லாம் சோப்பு நுரை. "என்ன நைனா, நாங்க இங்கனதான இருக்கோம்?"

"அய்ய, இங்கியே கீறவங்கள எப்டி மாப்ள கூப்புட முடியும்? எங்கனா போயிட்டுத்தான் வரணும். அதான் மொறை."

"எங்க போறது?"

"அத்த நான் சொல்ல முடியுமா? உங்க ஊரு உங்களுக்குத் தெரியாதா?"

நான் உள்ளே போய் அடுப்பைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. ஓனரம்மா பின்னாலேயே வந்து என் தலையில் பூவை வைத்துவிட்டு, "எங்க ரெண்டு பசங்களும் தீபாளிக்கு மாமியார் வூட்டுக்குப் பூடுவாங்க கண்ணு. எங்க வூட்டுக்கு வர ஒரு பொண்ணு கெடயாது. நீ வந்தின்னா எனக்குத்தான் தீபாளி" என்றார். அதற்கு மேல் என்னால் அடுப்பைப் பார்க்கிற மாதிரி நடிக்க முடியவில்லை. அவர் தோளிலேயே அழுதுவிட்டேன்.

ஆக, தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம் நானும் பாண்டியும் பெட்டியோடு ஷேர் ஆட்டோ பிடித்து ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பிரயாணம் போனோம். மாமியார் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாதென்று பழமும் இனிப்பும் வாங்கினோம். அங்கே பார்த்தால் தாம்பரம் பஸ்ஸுக்கு மனிதத் தலையாக இருந்தது. எல்லாம் தெற்கே போகிற முகங்கள். கட்டைப்பை, பட்டாசுப் பை, இடுப்பில் குழந்தை. "ஏ, ஏறு, ஏறு, எடம் போட்டுட்டேன்" என்ற எங்கள் ஊர்க் குரல்கள். அந்தக் கூட்டத்தோடு ஏறினால் விடிவதற்குள் சாத்தூர். என் கால் தன்னால் ஓரடி நகர்ந்தது. பாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என் புது மஞ்சள் கயிற்றைப் பார்த்துவிட்டு, "தலை தீபாளியாம்மா? அம்மா வூடு எங்க?" என்று கேட்டார்.

"சேரப்பணஞ்சேரி" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு மனசு கொஞ்சம் லேசானது.

திரும்பி வந்தால் தெரு முனையிலேயே நைனா நிற்கிறார். காலையில்தான் எங்களுக்கு மோட்டார் போட்டுத் தண்ணீர் விட்டவர், இப்போது எங்களைப் பார்த்து வருஷக்கணக்கானவர் மாதிரி, "வாங்க மாப்ள, வாங்க! பஸ்ல குந்த எடம் கெடச்சிதா? பொண்ணு இன்னா இப்டி எளச்சிட்ச்சி!" என்று பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். ஓனரம்மா ஆரத்தி சுற்றினார். அவர் வீட்டு முன் அறையில் எங்களுக்குப் புதுப் பாய், புதுத் தலையணை. "கம்பெனி எல்லாம் எப்டி போவுது மாப்ள?" என்று விசாரித்தார். பாண்டியும் பவ்யமாக, "ஏதோ போகுது மாமா" என்றார். மாடியில் ஊருக்குப் போகாமல் மிஞ்சியிருந்த பையன்கள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு சிரிசிரி என்று சிரித்தார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். தீபாவளிக் குளியல் பொழுது விடிவதற்கு முன்னால் ஆக வேண்டும். நரகாசுரன் சாகும்போது கேட்டுக்கொண்டானாம், தன்னை நினைத்து எல்லோரும் எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்று. அன்றைக்கு எண்ணெயில் லட்சுமி, வெந்நீரில் கங்கை. எங்கள் காம்பவுண்டில் கங்கை டேங்கர் லாரியில்தான் வருவாள், அது பரவாயில்லை. ஆனால் பாண்டியின் நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் வந்து சேர்வதற்குள் நன்றாக விடிந்துவிடும். தலை தீபாவளி மாப்பிள்ளை விடிந்த பிறகா குளிப்பது?

"நான் வந்து குளிச்சிக்கிறேன் மாமா. நீங்க எல்லாரும் குளிச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் பாண்டி சோற்றுக் கேரியரோடு வேலைக்குக் கிளம்பினார்.

"மாப்ள வராம இந்தக் காம்பவுண்டுல விடியாது" என்றார் நைனா. சும்மா வாய்வார்த்தை என்றுதான் நினைத்தேன். இருட்டுவதற்குள் லாரிக்குப் போடுகிற பெரிய தார்ப்பாய் ஒன்றை எங்கிருந்தோ கொண்டுவந்து, பையன்களை ஏற்றி, முற்றத்தின் தலைக்கு மேல் மூலைக்கு மூலை இழுத்துக் கட்டிவிட்டார்.

அதிகாலையில் எழுந்தோம். முற்றம் முழுக்க அகல் விளக்கு. தெருவெல்லாம் வெடிச் சத்தம். ஓரமாக இரண்டு அடுப்பு எரிந்தது, நடுவில் கோலமாவால் ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஓனரம்மாவின் அதிரச அடுப்பு, அந்தப் பக்கம் மாடிப் பையன்கள் மாப்பிள்ளைக்காக வைத்த கறிக்குழம்பு. கோட்டைத் தாண்டி ஒரு கரண்டிகூடப் போகக் கூடாது என்று உத்தரவு. கறிவாசனை மட்டும் கோட்டை மதிக்கவில்லை. நைனா மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு நடமாடினார்.

நேரம் ஆக ஆகப் பையன்களுக்குப் பொறுமை போய்விட்டது.

"நைனா, விடிஞ்சிருச்சு. பசிக்குது."

"எங்க விடிஞ்சிச்சி? நீ பாத்தியா?"

"மொபைல்ல ஆறரை காட்டுது நைனா."

"அது கம்பெனி டைமு."

அப்போது பார்த்துத் தார்ப்பாயில் இருந்த ஓட்டை வழியாக வெயில் ஒரு கோடாக இறங்கி, சரியாக எண்ணெய்க் கிண்ணத்தின் மேலேயே விழுந்தது. நைனா பதறிவிட்டார். ஏணியைப் போட்டு, ஒருத்தனை மேலே ஏற்றி, ஓட்டைக்கு நேராக முறத்தைப் பிடிக்கச் சொன்னார். அவன் சூரியனுக்கு முறம் பிடித்துக்கொண்டு, "கை வலிக்குது நைனா" என்று புலம்பினான். வழக்கமான நேரம் தாண்டியும் பஸ் வரவில்லை. பாண்டி போனை எடுக்கவில்லை. நைனா வாசலுக்கும் முற்றத்துக்கும் நடையாய் நடந்தார். போதும், எனக்காக இவ்வளவு பேர் பசியோடு நிற்க வேண்டாம் என்று தோன்றியது.

"நைனா, பரவால்ல. அவுத்துருங்க. எல்லாரும் குளிக்கட்டும்" என்றேன்.

அவர் நின்றார். அதுவரை நான் பார்க்காத கோபத்தோடு என்னைப் பார்த்தார். "இன்னா பேசற நீ? உன் தலை தீபாளிம்மா இது. பெத்தவன் வூட்ல இப்டித்தான் அவுத்துடுவானா?"

ஏணி மேல் இருந்தவன் முறத்தை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தான்.

கடைசியில் பாண்டி ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். பஸ் டிரைவர் வழியில் தன் வீட்டு வாசலிலேயே பஸ்ஸை நிறுத்தி, "ஒரு கங்கா ஸ்நானம் போட்டுட்டு வந்துடறேன்" என்று உள்ளே போய்விட்டாராம். சீயக்காய் வாசனையோடு திரும்பி வந்து பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் அல்வா வேறு கொடுத்தாராம். யாரால் திட்ட முடியும்? வெளியே பளீரென்ற வெயிலிலிருந்து உள்ளே நுழைந்த பாண்டி இருட்டையும் விளக்கையும் பார்த்துவிட்டு, "என்ன மாமா, கரண்டு போயிருச்சா?" என்றார்.

"இன்னும் விடியல மாப்ள. சொக்காயக் கயட்டிட்டுக் குந்துங்க."

எங்கள் இரண்டு பேரையும் மணையில் உட்கார வைத்தார்கள். ஓனரம்மா முதலில் பாண்டிக்கு எண்ணெய் வைத்தார், அப்புறம் எனக்கு. வெதுவெதுப்பான எண்ணெய், உள்ளங்கையால் அழுத்தி, உச்சியில் மூன்று தட்டு. என் அம்மா தட்டுவது போலவே தட்டினார். நான் பொலபொலவென்று அழுதேன்.

"கண்ணுல எண்ணெ பூட்ச்சா கண்ணு?"

"ஆமாம்மா" என்றேன்.

எங்களுக்குப் பின்னால் எல்லோரும் வரிசையாகக் குளித்து, புதுத்துணி கட்டி வந்து நின்ற பிறகுதான் நைனா கயிற்றைப் பிடித்தார். "ம், இப்ப விடியட்டும்!" என்று இழுத்தார். தார்ப்பாய் சரிந்தது. எட்டு மணி வெயில் மொத்தமாக எங்கள் தலையில் கொட்ட, எல்லோரும் கண்ணைப் பொத்திக்கொண்டு கத்தினோம். முதல் சரவெடியைப் பாண்டிதான் கொளுத்தினார்.

சாப்பாட்டுக்குப் பிறகு நைனாவுக்கு ஒரு குறை. "மாப்ள, நீங்க இன்னும் முறுக்கிக்கவே இல்லியே. எதுனா கேட்டு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கணும். அப்பத்தான் மாமனாருக்கு மருவாதி."

பாண்டி ரொம்ப நேரம் யோசித்தார். "பாத்ரூம் பைப்பு ஒழுகுது மாமா. ஒரு வாசர் வாங்கிக் குடுங்க, நானே மாத்திர்றேன்" என்றார் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. நைனாவுக்குப் பரம திருப்தி.

என் அப்பா அன்றைக்கும் கூப்பிடவில்லை. பொய் சொல்லமாட்டேன், சாயங்காலம் வரைக்கும் போனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்குப் பிறகு பார்க்கவில்லை, ஏனென்றால் கிளம்புகிற நேரம் வந்துவிட்டது. ஆமாம், தலை தீபாவளிக்கு வந்த பெண் கிளம்பித்தானே ஆக வேண்டும். ஓனரம்மா முறுக்கும் அதிரசமும் நிரப்பிய டப்பாவை என் கையில் கொடுத்து, வெற்றிலையில் மஞ்சளும் குங்குமமும் வைத்து, என் முகத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தார். பாண்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டார். போக வேண்டிய இடம் முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற எங்கள் அறை.

மாடிப் பையன்கள் இதற்குச் சிரிப்பார்கள் என்று நினைத்து நானும் சிரிக்கத் தயாராக இருந்தேன். ஒருத்தனும் சிரிக்கவில்லை. நைனா வாசற்படியில் நின்றார். காலையிலிருந்து சூரியனையே மிரட்டிக்கொண்டிருந்தவர், "போய் சேந்ததும் ஒரு போன் பண்ணும்மா" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

அந்தச் சின்ன முற்றத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே கடந்தேன். அறைக்குள் போய்ப் பெட்டியை வைத்ததும் முதல் வேலையாக நைனாவுக்குப் போன் போட்டு, "நல்லபடியா வந்து சேந்துட்டோம்ப்பா" என்று சொன்னேன்.